கட்டியவன் விற்கும்போது

சொந்தக் கையால் கட்டிய காருக்கு விலை வைப்பது கஷ்டம். அடுத்தவர் கையிலும் அது உயிரோடு ஓடும்படி விற்பது அதைவிடக் கஷ்டம். ஒரே மனிதர் செய்த இரண்டு விற்பனைகள் இதைச் சொல்லித் தருகின்றன. அறுகம்பே முதல் கல்முனை வரையான எங்கள் கரையோரக் கராஜ்களும் கேட்க வேண்டிய கதை இது.

தடயம் இல்லாமல் போன முதல் கார்

1950ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘மோட்டார் ஸ்போர்ட்’ சஞ்சிகையில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. 22 வயது இளைஞர் ஒருவர் தான் கட்டிய காரை விற்கப் போட்ட விளம்பரம் அது. வட இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துக் காரை வாங்கிப் போனார். அதன் பிறகு அந்தக் கார் யார் யார் கைக்குப் போனது, எங்கே நின்றது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்த இளைஞரின் பெயர் கொலின் சாப்மன். பிற்காலத்தில் லோட்டஸ் என்று உலகமே அறிந்த கார் நிறுவனத்தை உருவாக்கியவர். போர்முலா வன் பந்தயத்தில் தயாரிப்பாளர்களுக்கான உலகக் கிண்ணத்தை அவருடைய நிறுவனம் ஏழு தடவை வென்றது. இத்தனை புகழுக்கும் முதல் படி அந்த விளம்பரத்தில் விற்கப்பட்ட கார்தான். இன்று அதை ‘லோட்டஸ் மார்க் வன்’ என்கிறார்கள். 2018இல், கார் பிறந்து 70 வருடம் ஆனபோது, லோட்டஸ் நிறுவனமே பொதுமக்களிடம் உதவி கேட்டது. உங்கள் வீட்டுக் கராஜில், பழைய கொட்டிலில் எங்காவது நிற்கிறதா என்று பாருங்கள் என்றது. கையில் இருந்த அடையாளங்களில் முக்கியமானது பதிவு இலக்கம்: ஓ.எக்ஸ். 9292.

அந்தக் கார் பிறந்த விதம் எங்கள் நாட்டவருக்கு உடனே விளங்கும். சாப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்த மாணவர். பக்கத் தொழிலாகப் பழைய கார் வாங்கி விற்றார். யுத்தம் முடிந்த பிறகும் அங்கே பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. 1947இல் தனியார் வாகனங்களுக்கான அடிப்படைப் பங்கீட்டையும் அரசாங்கம் நிறுத்திவிட, பழைய கார் வியாபாரம் ஒரேயடியாகப் படுத்தது. 2022இல் இலங்கையில் கியூ.ஆர். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோல் ஷெட் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விற்க முடியாமல் தேங்கிய ஒஸ்டின் செவன் கார் ஒன்றை அவர் கழற்றத் தொடங்கினார். 1928ஆம் ஆண்டுக் கார். காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுப் பின்புறத்தில் இருந்த கராஜ்தான் வேலைத்தளம்.

பழைய பொடியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒட்டுப்பலகையையும் அலுமினியத் தகட்டையும் சேர்த்து ஒட்டிய பலகைகளால் புதிய பொடி கட்டினார். விமானம் கட்டுகிறவர்களின் யோசனை அது. பொடி வெறும் போர்வையாக இராமல் சட்டகத்துக்கும் பலம் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. லேசான கார், விறைப்பான கார் என்று பிற்பாடு லோட்டஸ் பேசிய மந்திரம் முழுவதும் அந்தக் கராஜிலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் காரைத்தான் அவர் விற்றார். அதில் தவறொன்றும் இல்லை. அடுத்த காரைக் கட்டக் காசு வேண்டியிருந்த வயது அது. கார் மட்டும் கைமாறியது. அது எப்படிக் கட்டப்பட்டது, ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்ற விவரம் கூடப் போகவில்லை. அந்த விவரம் தெரியாத கண்ணுக்கு ஓ.எக்ஸ். 9292 ஒரு பழைய ஒஸ்டின், அதிலும் மேலே யாரோ பலகை அடித்த ஒஸ்டின். அப்படிப்பட்ட காரைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பெட்டியில் வந்த கார்

சாப்மனுடைய அடுத்த கார்களைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். 1952இல் வந்த மார்க் சிக்ஸ் காரையும் 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரையும் உதிரிகளாகவே விற்க முடிந்தது. சட்டகம், பொடித் தகடுகள், சஸ்பென்ஷன் என்று சாமான்கள் தனித்தனியாக வரும். வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சாதாரண போர்ட் காரில் இருந்தே எடுக்கலாம். இதைத்தான் ‘கிட் கார்’ என்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது வரி. பூட்டி முடித்த காருக்கு அந்நாட்டில் கொள்வனவு வரி உண்டு. உதிரிகளாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் கைநூல் கூட வரக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் சாப்மன் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்தில் இருந்து முன்னோக்கிப் படித்துப் பூட்டினார்கள் என்று இன்றும் சொல்வார்கள்.

வரி மிச்சம் என்று வந்தவர்களுக்கு வேறொரு இலாபமும் கிடைத்தது. ஆசிரியரும் கிளாக்கரும் தச்சரும் தங்கள் காரின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர்கள் ஆனார்கள். அந்த ஆசை இன்னும் அடங்கவில்லை. 1996இல் ரொன் சாம்பியன் என்ற ஆசிரியர், வெறும் 250 பவுணில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். பழைய போர்ட் எஸ்கோர்ட் ஒன்றும், சதுரக் குழாயும், வெல்டிங் பிளாண்டும் இருந்தால் செவன் போன்ற காரைக் கட்டலாம் என்று படம் போட்டுக் காட்டினார். உலகின் பல மூலைகளில் அதைப் பார்த்துக் கார் கட்டினார்கள்.

எங்கள் மொழி பேசும் மண்ணிலும் இந்தக் கை இருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். போர்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தக் கார்களில் பழகியவர்களில் ஒருவர்தான் பின்னர் இந்தியாவின் முதல் போர்முலா வன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம் இன்றும் கோவையில் இயங்குகிறது.

உயிரோடு கைமாறிய கார்

இப்போது இரண்டாவது விற்பனைக்கு வருவோம். 1973 ஏப்ரலில் இங்கிலாந்தில் கொள்வனவு வரி போய், பெறுமதி சேர் வரி வந்தது. கிட் காருக்கு இருந்த வரிச் சலுகை அதோடு முடிந்தது. லோட்டஸும் அதற்குள் விலையுயர்ந்த கார்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. செவன் காரை நிறுத்தும் நேரம் வந்தது.

அதை வாங்க வந்தவர் கிரஹாம் நியர்ன். கேட்டர்ஹாம் என்ற ஊரில் கார்க் கடை வைத்திருந்தவர். பல வருடங்களாக செவன் காரையே விற்று வந்தவர். ‘த பிரிஸனர்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியில் கதாநாயகனிடம் செவன் காரை ஒப்படைக்கும் ஆளாக அவரே தோன்றினார். 1973இல் செவன் காரைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸிடம் இருந்து அவர் பெற்றார். லோட்டஸுக்குச் சட்டகம் செய்துவந்த ஆர்ச் மோட்டர்ஸ் கேட்டர்ஹாமுக்கும் சட்டகம் செய்தது. கடைசி மாதிரியின் சாமான்கள் தீர்ந்ததும், 1974இல் அதற்கு முந்தைய எளிய மாதிரிக்கே நியர்ன் திரும்பினார். ரசிகர்கள் எதை விரும்பினார்கள் என்று கடையில் நின்று பழகியவருக்குத் தெரிந்திருந்தது.

கேட்டர்ஹாம் நிறுவனம் 2011இல் மலேசியாவின் டோனி பெர்னாண்டஸிடமும், 2021இல் ஜப்பானின் வி.டி. ஹோல்டிங்ஸிடமும் போனது. கார் நிற்கவில்லை. 1957இல் பிறந்த உருவம் அரை நூற்றாண்டு தாண்டியும் புதிதாகக் கட்டப்படுகிறது. இன்றும் பெட்டியில் உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டலாம்.

முதல் காரை சாப்மன் விளம்பரம் பார்த்து வந்தவரிடம் இரும்பாகவும் பலகையாகவும் கொடுத்தார். செவன் காரோ அதை நேசித்தவரிடம், செய்முறையோடும் செய்த கைகளோடும் போனது. மார்க் வன் ஒற்றைக் கார், செவன் ஒரு தொழில் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒற்றைக் காருக்குத்தான் எழுத்து இன்னும் அவசியம். தொழிற்சாலைக் கார் தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்று இருக்கும். கையால் கட்டியது தொலைந்தால் தொலைந்ததுதான்.

எங்கள் கரையின் கைவேலை

இங்கிலாந்துக் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் பொத்துவிலில் இருந்து கல்முனை வரை ஒரு தடவை கண்ணைத் திறந்துகொண்டு போய்வர வேண்டும். அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் சூடுபிடித்து ஒக்டோபர் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் அங்கே ஓடும் ஓட்டோக்களின் கூரையைப் பாருங்கள். நீளமான சறுக்குப் பலகைகளை ஏற்ற அடித்த ராக், அகலமாக்கிய பின் இருக்கை, மாற்றிய லைட். ஊர் வெல்டரின் வேலை.

பக்கத்திலேயே உடைந்த சறுக்குப் பலகையைத் திருத்தும் கடைகள். ரெசினையும் ஹார்ட்னரையும் அளந்து கலந்து, கண்ணாடி நாரை விரித்து, குமிழி இல்லாமல் உருளையால் அழுத்தி, காய்ந்த பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. மீனவரின் பைபர் வள்ளத்துக்கும் அதே ரெசின், அதே நார், அதே கைப்பக்குவம். 1950களில் இருந்து இங்கிலாந்தின் சின்னச் சின்னக் கராஜ்களில் ஸ்போர்ட்ஸ் கார் பொடி வார்க்க முடிந்ததும் இந்தச் சாமான் மலிவாகக் கிடைத்ததால்தான். லோட்டஸ் செவனின் நாலாவது மாதிரியின் பொடியும் பைபர்தான். ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் மேல்பாகத்தை வார்க்கும் கை எங்கள் கரையில் ஏற்கெனவே இருக்கிறது.

தகட்டு வேலையில் இலங்கைக் கையின் மதிப்பு கடல் கடந்தும் தெரியும். மொரிஸ் மைனர் கார் பிறந்ததும் மார்க் வன் பிறந்த அதே 1948இல்தான். 1971இல் அதன் உற்பத்தி நின்றது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காரின் தகட்டு உறுப்புகளைச் செய்விக்க காலிக்கு வந்தார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு காலியில் தட்டிய தகடு கப்பலேறிப் போனது. நாங்கள் பழையது என்று ஒதுக்கிய காரைக் கட்டிக் காக்கும் அறிவு எங்களிடமே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த அறிவின் அருமை இன்னும் கூடியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலை எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வாங்க முடியாத நாடு இருப்பதைத் திருத்தி ஓட்டியது. பல வீடுகளில் தூங்கிக் கிடந்த கார்கள் மறுபடி எழும்பின. அப்படி எழும்பிய கார்களும் இனி ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வரும்.

ரிவெட்டைச் சுற்றிய வெள்ளைத் தூள்

கடற்கரையில் கையால் கட்டிய காரை விற்கிறவர் வாங்குபவருக்கு முதலில் காட்ட வேண்டியது பெயின்ட் அல்ல. குனிந்து, கதவடியில் அலுமினியத் தகடு இரும்புக் குழாயோடு சேரும் இடத்தைக் காட்ட வேண்டும். செவன் வகைக் காரில் சட்டகம் மெல்லிய இரும்புக் குழாய். அதன்மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்துவார்கள். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் மின்கலத்தில் நடப்பதே அங்கும் நடக்கும். அலுமினியம் கரையத் தொடங்கும். ரிவெட்டின் தலையைச் சுற்றி வெள்ளைத் தூள் பூக்கும். விரலால் தடவினால் மாப் போல ஒட்டும். பெயின்ட் சின்னக் கொப்புளமாக எழும்பும். அந்தத் தூள் தெரிந்தால் தகட்டுக்குப் பின்னால் ஈரம் புகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல குழாய் கணீரென்று சொல்லும். உள்ளே துரு தின்ற இடத்தில் சத்தம் மந்தமாகும். சட்டகத்தின் அடிக் குழாய்களில், வெல்டிங் மூட்டுக்குக் கிட்ட, இதைச் செய்ய வேண்டும். கட்டும்போதே குழாய்க்குள் மெழுகு எண்ணெய் அடித்தாரா, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் சீலன்ட் பூசினாரா என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். வெளியே இருந்து எந்த மெக்கானிக்காலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதி வைக்காவிட்டால் அந்த அறிவு விற்பனை நாளோடு செத்துப்போகும்.

குறையைக் காட்டினால் விலை விழுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பண்டத்தில் உள்ள குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கம் வியாபாரிக்கு இட்ட கட்டளை. சந்தைக் கணக்குப்படியும் அதுதான் சரி. தெரிந்த குறைக்கு வாங்குபவர் செலவுக் கணக்குப் போட்டுக்கொள்வார். தெரியாத குறைக்குப் பயப்படுவார். பயத்துக்குக் குறைக்கும் விலைதான் பெரிது.

உழைப்புக்கு என்ன விலை?

பேரம் இப்படித்தான் தொடங்கும்.

“காக்கா, இது என்ன மேக்? எத்தினையாம் ஆண்டு?”

“தம்பி, இது நான் கட்டின கார்.”

“அது சரி காக்கா, புக்குல என்ன போட்டிரிக்கி?”

வாங்க வந்தவர் மேல் பிழையில்லை. எங்கள் வாகனச் சந்தை மேக், ஆண்டு, ஓடிய கிலோமீற்றர் என்ற மூன்றை வைத்தே விலை சொல்லும். கையால் கட்டிய காருக்கு இந்த மூன்றும் பொருந்தாது. லீசிங் கம்பனி தயங்கும். காப்புறுதிக்காரர் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்.

கட்டியவரின் கணக்கோ வேறு. எஞ்சினுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, வெள்ளிக்கிழமைப் பின்னேரங்கள் எத்தனை, இரவு எத்தனை மணி வரை என்று கூட்டுவார். அந்த மணித்தியாலங்களுக்குக் கூலி போட்டால் வரும் தொகையை எந்தச் சந்தையும் கொடுக்காது. இதில் மனம் உடைய வேண்டாம். அந்த உழைப்பின் பலனில் பெரும் பங்கை கட்டும்போதே அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். வெல்டிங் பழகியது, கணக்குப் பழகியது, மகனைப் பக்கத்தில் வைத்து ஸ்பானர் அளவு சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவரிடமே இருக்கின்றன. வாங்குபவரிடம் சாமான் செலவையும் வேலையின் தரத்தையும் கேட்பதே நியாயம். தரத்தை நிரூபிக்க எழுத்து வேண்டும். கொப்பியும் படமும் ரசீதும் உள்ள கார் பேரத்தில் நின்று பேசும்.

ஓப்பன் பேப்பரில் தொலையும் பெயர்கள்

எங்கள் நாட்டில் ஓ.எக்ஸ். 9292 தினமும் தொலைகிறது. அதற்குப் பெயர் ‘ஓப்பன் பேப்பர்’. விற்பவர் கைமாற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றமாட்டார். அதே கடதாசியோடு இன்னொருவருக்கு விற்பார். அவரும் அப்படியே. பதிவில் முன்னைய உரிமையாளர்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நாலு பேர் காணாமல் போவார்கள். விபத்தோ வழக்கோ வந்தால் பொலிஸ் தேடி வருவது எப்போதோ விற்றுவிட்ட முதல் ஆளைத்தான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் எம்.டி.ஏ. 6 படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பார். விற்றவர் எம்.டி.ஏ. 8 படிவத்தில் தான் விற்றதை அறிவிப்பார். எஞ்சின் மாற்றியிருந்தால், நிறம் மாற்றியிருந்தால் அதுவும் பதிவில் ஏறியிருக்க வேண்டும். திருத்திக் கட்டிய காருக்கு இது உயிர்நாடி. புத்தகத்தில் ஒரு எஞ்சின் இலக்கமும் காரில் இன்னொன்றும் இருந்தால் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் அதை நல்ல மனிதர் வாங்கமாட்டார்.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். பல கார்களின் உதிரிகளைச் சேர்த்து, வயது நிரூபிக்க முடியாதபடி கட்டிய காருக்கு அங்கே கியூ எழுத்தில் தொடங்கும் இலக்கத் தகடு கொடுப்பார்கள். ஓடுவதற்குத் தடையில்லை, விற்கப் போனால் அந்த ஓர் எழுத்தே விலையைக் குறைக்கும். அதனால்தான் அங்கே கிட் கார் கட்டுகிறவர்கள் முதல் ஆணியில் இருந்தே ரசீது சேர்க்கிறார்கள்.

விற்கும் முன் சேர்க்க வேண்டியவை

1. பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி. சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

2. கட்டும்போது எடுத்த படங்கள். முக்கியமாக, தகடு மூடுவதற்கு முன் சட்டகம் தெரியும் படங்கள்.

3. எந்த உறுப்பு எந்தக் காரில் இருந்து வந்தது என்ற பட்டியல். பிரேக் லைனிங், பெயரிங், எண்ணெய் சீல் வாங்கக் கடைக்குப் போகும் புதியவருக்கு இது இல்லாவிட்டால் கார் மூலையில் நிற்கும்.

4. வயரிங் படம். கையால் வரைந்ததானாலும் போதும்.

5. தெரிந்த குறைகள், செய்யாமல் விட்ட வேலைகள், ஒவ்வொன்றையும் எப்படிச் செய்யலாம் என்ற யோசனை.

6. வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதிய விற்பனைக் கடிதம். பிரதி ஒன்று விற்பவரிடம் இருக்கட்டும்.

யாரிடம் கொடுப்பது?

நியர்ன் வாங்கியதால்தான் செவன் பிழைத்தது. அவரைவிடப் பணக்காரர்கள் இங்கிலாந்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கையால் கட்டிய காரை விற்கிறவர் புரோக்கரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு இருக்காமல், வாங்க வருகிறவரோடு அரை நாள் இருக்க வேண்டும். பொனட்டைத் திறந்ததும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனிக்க வேண்டும். எவ்வளவு ஸ்பீட் போகும் என்று மட்டும் கேட்பவர் ஆறு மாதத்தில் விற்றுவிடுவார். இந்த மூட்டை ஏன் இப்படி வெல்ட் பண்ணினீர்கள் என்று கேட்பவர் வைத்திருப்பார். அவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் அவரிடமே கொடுப்பது நல்லது.

தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதில் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. எஞ்சின் கழற்றவும் பூட்டவும் கற்றுக் கொடுக்கிறார்கள். செய்த வேலையை எழுதி வைக்கவும் கற்றுக் கொடுக்க வேண்டும். எங்கள் கரையில் எத்தனையோ கெட்டிக்கார டிங்கர்மாரும் மெக்கானிக்மாரும் வாழ்ந்து போனார்கள். அவர்கள் தட்டி நிமிர்த்திய கார்கள் இன்றும் கொழும்பு மட்டக்களப்பு வீதியில் ஓடலாம். அது அவர் கை வேலை என்று சொல்ல அவற்றில் ஓர் எழுத்தும் இல்லை. லோட்டஸ் போன்ற உலகப் பெயர் பெற்ற நிறுவனமே தன் முதல் காரைத் தேடி ஊரைக் கேட்க வேண்டி வந்தது என்றால், பெயர்ப் பலகையும் இல்லாத எங்கள் கராஜ்களின் வேலையை யார் தேடப் போகிறார்கள்?

ஆகவே கட்டுகிறவர்கள் கட்டத் தொடங்கும் நாளிலேயே ஒரு கொப்பி வாங்குங்கள். கட்டி முடித்தவர்கள் ஞாபகம் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள். விற்கும் நாளில் அதைக் காரோடு சேர்த்துக் கொடுத்து, பெயர் மாற்றம் முடிந்ததா என்று 14ஆம் நாள் போன் எடுத்துக் கேளுங்கள். அந்தக் கொப்பியில் அடுத்தவரும் தன் வேலையை எழுதத் தொடங்குவார். பேரத்தில் விலையை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் விட்டுக்கொடுங்கள்; கொப்பி இல்லாமல் மட்டும் காரைக் கொடுக்காதீர்கள்.